டீசல் வாடை போச்சு, விஷம் போச்சா? எண்ணெய் பட்ட மண்ணும் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் லாரி செட், பஸ் ஒர்க்‌ஷாப், ரைஸ்மில் ஜெனரேட்டர் அறை, டீசல் மோட்டார் ஓடும் கிணற்றடி என எண்ணெய் ஊறிய மண்ணுக்குப் பஞ்சமில்லை. அதைப் பாக்டீரியா விட்டுச் சுத்தம் செய்வது பற்றிப் பட்டறைக்காரர்களும் விவசாயிகளும் புராஜெக்ட் செய்யும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சுத்தம் செய்வதைவிட, செய்தபின் நச்சு குறைந்ததா என்று பார்ப்பதில்தான் குழப்பம் அதிகம். பதில்களும் அங்கேதான் நீளும்.

கழிவு ஆயில் ஊத்துன மண்ணுல பாக்டீரியா விட்டா அது எண்ணெயைத் தின்னுரும்ங்கிறாங்களே, நெசமாவா?

நிசந்தான். சூடோமோனஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் போன்ற பல பாக்டீரியாக்களுக்கு ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் சேர்மங்கள், உணவு. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்தில் இதே வகை உயிர்களை வேறு காரணத்துக்காக ஆராய்ந்திருக்கிறார்கள்: பெட்ரோலியக் குழாய்களுக்குள் டீசலையும் நாப்தாவையும் தின்று இரும்பை அரிக்க வைப்பவை அவை. குழாய்க்குள் தொல்லை, மண்ணில் உதவி.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தின்பதில்லை. கார்பன் அணுக்கள் ஒரே வரிசையாகக் கோத்த நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள் முதலில் போகும். கிளைச்சங்கிலிகள் மெதுவாக. இரண்டு, மூன்று வளையம் கொண்ட நாப்தலீன், பினாந்த்ரீன் ஓரளவு போகும். நான்கு, ஐந்து வளையம் உள்ள பைரீன், பென்சோபைரீன் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். நச்சு பெரும்பாலும் கடைசியில் மிஞ்சுகிறவற்றில்தான் இருக்கிறது.

சும்மா விட்டாலே தின்னாதா? எதுக்கு கொத்திவிடச் சொல்றீங்க?

காற்றுக்காக. ஒரு கிலோ டீசல் முழுதாகக் கரியமில வாயுவும் நீருமாக மாற ஏறத்தாழ 3.4 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அது சுமார் 12 கன மீட்டர் காற்றில் உள்ள அளவு. லாரி ஏறி இறங்கி இறுகிய செம்மண்ணுக்குள் அவ்வளவு காற்று தானாகப் போகாது. 15 முதல் 30 செ.மீ. ஆழம் வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஈரம், மண் பிடிக்கக்கூடிய நீரில் பாதிக்குக் குறையக் கூடாது, முக்கால்வாசியைத் தாண்டவும் கூடாது. சித்திரை வெயிலில் மூடாக்கு இல்லாமல் விட்டால் வேலை நின்றுவிடும். ஐப்பசி மழையில் மூடாமல் விட்டால் எண்ணெய் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும்.

வாடையே இல்ல, மண்ணும் பழைய நெறத்துக்கு வந்துருச்சு. அப்ப சரியாயிருச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. வாடை தருபவை எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள். நம் ஊர் வெயிலில் அவை பாக்டீரியா இல்லாமலே பறந்துவிடும். பெரிய வளையங்களுக்கு வாடை கிடையாது. கறுப்பு போனதற்கும், கிளறும்போது கீழ்மண் மேலே கலந்ததே காரணமாக இருக்கலாம்.

தின்றதா, பறந்ததா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. கலவையைத் தனித்தனிச் சேர்மமாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபியில் 17 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலிக்கும் பிரிஸ்டேன் என்ற கிளைச்சங்கிலிக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஆவியாகும். பாக்டீரியா நேர்ச்சங்கிலியைத்தான் முதலில் தின்னும். விகிதம் இறங்கினால் உயிர் வேலை செய்கிறது. விகிதம் மாறாமல் மொத்த எண்ணெய் மட்டும் குறைந்தால் வெயிலோ மழையோ கொண்டுபோயிருக்கிறது.

லேபுல டி.பி.எச். 80 சதவீதம் கொறைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சு. அதுக்கு மேல என்ன சோதனை?

டி.பி.எச். என்பது மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், அதாவது ஒரே ஒரு கூட்டுத்தொகை. எது போனது, எது நின்றது என்று அது சொல்லாது. முதல் பதிலில் சொன்ன வரிசைப்படி, போன 80 பங்கு சாதுவான ஆல்கேன்களாகவும் நின்ற 20 பங்கு வளையச் சேர்மங்களாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். குறைந்தது 16 பி.ஏ.எச். (பல வளைய ஹைட்ரோகார்பன்) பட்டியலையாவது தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

எடை பார்த்து அளக்கும் முறையில் வேறொரு கோளாறு. சாணியும் தொழுவுரமும் கலந்த மண்ணில் அவற்றின் கொழுப்பும் மெழுகும் கரைப்பானில் இறங்கி 'எண்ணெய்' கணக்கில் சேரும். சிலிக்கா ஜெல் வழியாக வடித்தார்களா என்று கேளுங்கள். வடிக்கவில்லை என்றால் எண் கூடுதலாக வந்திருக்கலாம். வடித்தால் பாக்டீரியா பாதி தின்று விட்ட ஆக்சிஜன் ஏறிய துண்டுகளும் சேர்ந்து போய்விடும். எண் அழகாகக் குறையும், நச்சு மண்ணிலேயே இருக்கும். எந்த வேதிச் சோதனையும் தனியாகப் போதாது. ஓர் உயிரை வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

சுத்தம் பண்ண ஆரம்பிச்சப்புறம் விஷம் கூடுமா? அதெப்படிக் கூடும்?

கூடும், பல இடங்களில் நடப்பதுதான். பாக்டீரியா ஹைட்ரோகார்பனில் முதலில் ஆக்சிஜனை ஏற்றும். அப்போது ஆல்கஹால், கொழுப்பு அமிலம், பீனால், குவினோன் போன்றவை உருவாகும். மூல எண்ணெய் தண்ணீரில் கரையாது, வேருக்கும் புழுவுக்கும் எளிதில் எட்டாது. இந்த இடைநிலைச் சேர்மங்கள் கரையும், எட்டும். டி.பி.எச். இறங்கிக்கொண்டிருக்கும்போதே விதைச் சோதனை மோசமாக வருவது இதனால்தான். காற்றும் சத்தும் தொடர்ந்து கிடைத்தால் பெரும்பாலும் இவையும் உடையும். பாதியில் கிளறுவதை நிறுத்தினால் அந்த நிலையிலேயே நிற்கும்.

காலேஜ் லேபுலயே செய்யிற மாதிரி சோதனை எதுவும் இருக்கா?

விதைச் சோதனை. 20 கிராம் மண்ணுக்கு 200 மில்லி காய்ச்சி வடித்த நீர் என்ற கணக்கில், கண்ணாடிக் குடுவையில் 24 மணி நேரம் குலுக்கித் தெளிய வைத்து வடிகட்டுங்கள். 9 செ.மீ. பெட்ரித் தட்டில் வடிதாள் போட்டு 5 மில்லி சாறு, 20 விதை. இருட்டில், 25 முதல் 28 டிகிரியில், 72 மணி நேரம். ஒவ்வொரு மண்ணுக்கும் மூன்று தட்டாவது வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணை வெயிலில் உலர்த்தவும் கூடாது, நாப்தலீன் போய்விடும்.

முளைத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். வேரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். நல்ல நீரில் 20க்கு 19 முளைத்து சராசரி வேர் 42 மி.மீ., உங்கள் மண்சாற்றில் 15 முளைத்து வேர் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முளைப்பு விகிதம் 79 சதவீதம், பரவாயில்லை போலத் தெரியும். வேர் விகிதம் 57. இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் முளைப்புக் குறியீடு 45. பொதுவாக 50க்குக் கீழே கடும் நச்சு, 80க்கு மேலே பயமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல நீரிலேயே 70 சதவீதம் முளைக்கவில்லை என்றால் விதை பழையது. அந்தச் சோதனையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

சாறு தண்ணீரில் கரைந்ததை மட்டுமே காட்டும். அதனால் மண்ணிலேயே நேரடியாக விதைத்தும் பாருங்கள். உங்கள் ஊர்ச் சுத்தமான மண்ணோடு 100, 50, 25, 12.5 சதவீதமாகக் கலந்து தொட்டியில் போட்டு, சுத்த மண் தொட்டியில் பாதி முளைத்த நாளிலிருந்து 14 முதல் 21 நாள் வளரவிட்டு, வெட்டி எடை போடுங்கள். எந்தக் கலவையில் வளர்ச்சி பாதியாகிறது என்பதுதான் நீங்கள் தேடும் எண். அந்த எண் மாதத்துக்கு மாதம் உயர்ந்தால் நச்சு குறைகிறது.

எந்த விதையைப் போடுறது? பாசிப்பயறு போதுமா?

பாசிப்பயறு தைரியசாலி. பெரிய விதை, மூன்று நாளைக்குத் தன் பருப்பைத் தின்றே வளரும். அதோடு கேழ்வரகு, கடுகு போன்ற ஒரு சிறு விதையும் வையுங்கள். ஒருவித்திலை ஒன்று, இருவித்திலை ஒன்று இருப்பது நல்லது. மருந்து தடவிய பாக்கெட் விதை வேண்டாம்.

தொட்டியில ஊத்துற தண்ணி மண்ணுல எறங்கவே மாட்டேங்குது. வெதை செத்தது விஷத்தாலயா?

தாகத்தாலும் இருக்கலாம். எண்ணெய் பூசிய மண்துகள் தண்ணீரை ஒட்டவிடாது. ஒரு சொட்டு நீரை மேலே விட்டுப் பாருங்கள். 5 விநாடிக்குள் இறங்காவிட்டால் அந்த மண் நீர் விலக்கும் மண். அப்படியானால் மேலே ஊற்றாமல், விதைக்கும் முன்பே அளந்த நீரைக் கையால் பிசைந்து கலந்து ஓர் இரவு மூடி வைத்து அதன்பின் விதையுங்கள். நச்சையும் நீர்ப்பஞ்சத்தையும் பிரிக்காமல் எழுதிய முடிவுக்கு மதிப்பில்லை. அதேசமயம், பயிர் வைக்கப்போகிறவருக்கு இரண்டுமே இழப்புதான். அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வெதை நல்லா மொளைச்சிருச்சு. இத்தோட விட்டுறலாமா?

ஒரே உயிரை நம்ப வேண்டாம். விதைக்குத் தோல் உண்டு, மண்புழு தோலாலேயே மூச்சு விடும். விதைக்கு ஒன்றும் செய்யாத மண்ணில் புழு செத்துக் கிடப்பது சாதாரணம். செடி, புழு, நீர்வாழ் உயிர் என்று குறைந்தது மூன்று வகை வேண்டும்.

மண்புழுவுக்கு எங்க போறது? உரக்குழிப் புழு ஆகுமா?

சர்வதேச முறைகளில் சொல்லும் புழு ஐசீனியா ஃபெட்டிடா. தமிழ்நாட்டு மண்புழு உரக்கூடங்களில் பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் இருக்கும். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் பெயரைச் சரியாக எழுதுங்கள். ஃபெட்டிடாவின் எண்களோடு ஒப்பிடாதீர்கள். கழுத்துப்பட்டை வந்த முதிர்ந்த புழு வேண்டும். ஃபெட்டிடா என்றால் ஒன்று 300 முதல் 600 மில்லிகிராம்.

விரைவான சோதனை, விலகல் சோதனை. நடுவில் தடுப்பு வைத்த பெட்டியில் ஒரு பக்கம் சந்தேக மண், மறுபக்கம் சுத்த மண். தடுப்பை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் 10 புழு விடுங்கள். 48 மணி நேரம் கழித்துத் தடுப்பைச் செருகி எண்ணுங்கள். எட்டுக்கு மேல் சுத்தப் பக்கம் ஒதுங்கினால் அந்த மண் இன்னும் வாழத் தகுதியற்றது. ஐந்து பெட்டியாவது வையுங்கள். இருபக்கமும் சுத்த மண் போட்ட ஒரு பெட்டியும் இருக்கட்டும்; அதிலும் ஒரே பக்கம் ஒதுங்கினால் வெளிச்சமோ ஈரமோ ஒரு பக்கம் கூடியிருக்கிறது. இறப்புச் சோதனை 14 நாள், 7ஆம் நாளிலும் எண்ண வேண்டும். சுத்த மண்ணில் பத்து சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது.

நம் பக்கத்துச் சிக்கல் இரண்டு. ஒன்று சூடு: முறைப்படி 20 டிகிரி, மே மாதத்தில் ஏ.சி. அறை இல்லாமல் ஆகாது. மற்றது செம்மண்ணின் வறுமை. உரக்குழிப் புழுவுக்கு அதில் தீனியே இல்லை. எண்ணெய் இல்லாமலே இளைக்கும். நன்றாக மக்கிய உரத்தை எல்லாப் பெட்டிகளிலும் ஒரே அளவில் கலந்தால் சரியாகும். சந்தேக மண்ணில் மட்டும் கலந்தால், மக்கு எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு நச்சு குறைந்ததாகப் பொய் சொல்லும்.

புழுவும் சாகல, செடியும் வளருது. நாளைக்கு கேன்சர் வராதுன்னு சொல்ல முடியுமா?

இந்தச் சோதனைகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மரபணுவைக் கெடுப்பது வேறு வகை நச்சு, அதற்குத் தனிச் சோதனை. எளியது வெங்காய வேர்ச் சோதனை. ஆல்பர்ட் லெவன் 1938இல் தொடங்கிவைத்தது. வெங்காயத்தின் அடித்தட்டில் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு மண்சாற்றின் மேல் உட்கார வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வந்த வேர்நுனியை மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் நிலைப்படுத்தி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் ஏற்றி நசுக்கிப் பாருங்கள். வெங்காயத்துக்குப் 16 குரோமோசோம்தான், அதுவும் பெரியவை; உடைசல், பாலம், பின்தங்கல், குறுங்கரு எல்லாம் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். ஒரு மண்ணுக்கு ஆயிரம் செல்லுக்குக் குறையாமல் எண்ண வேண்டும்.

அடுத்த படி ஏம்ஸ் சோதனை: டி.ஏ.98, டி.ஏ.100 என்ற சால்மோனெல்லா பாக்டீரியா வகைகளில் மரபணு மாற்றம் வருகிறதா என்று பார்ப்பது. பென்சோபைரீன் நேரடியாகக் கெடுப்பதில்லை, கல்லீரல் நொதி அதை மாற்றிய பிறகே கெடுக்கும். அதனால் எஸ்-9 எனப்படும் கல்லீரல் சாறு சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகச் செய்தார்களா என்று பாருங்கள். சேர்க்காமல் மட்டும் செய்து 'பாதிப்பில்லை' என்று வந்த அறிக்கை எண்ணெய் மண்ணுக்கு உதவாது.

ஒப்பிட்டுப் பாக்க பக்கத்து வயக்காட்டு மண்ணை எடுத்தாப் போதாதா?

வயல் மண் வேறு, பட்டறைச் செம்மண் வேறு. அதே வகை மண், எண்ணெய் படாத இடத்திலிருந்து வேண்டும். அது முதல் ஒப்பீடு. இரண்டாவது, எண்ணெய் மண்ணை ஒன்றும் செய்யாமல் விட்ட பாத்தி. மூன்றாவது, சத்தும் கிளறலும் மட்டும், பாக்டீரியா இல்லை. நான்காவதுதான் பாக்டீரியா விட்டது. மூன்றுக்கும் நான்குக்கும் வேறுபாடே இல்லாமல் வருவது அடிக்கடி நடக்கும். ஏற்கெனவே எண்ணெய் ஊறிய மண்ணில் தின்னும் உயிர்கள் பெருகித்தான் இருக்கும்.

ஐந்தாவதாக, கிருமி நீக்கிய மண். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் அடுத்தடுத்து மூன்று நாள் வைத்தது. தானாகப் போன எண்ணெய் எவ்வளவு என்று அறிய இது வேண்டும். ஆனால் இதில் விதைச் சோதனை செய்யாதீர்கள். ஆட்டோகிளேவ் சூட்டில் மாங்கனீசும் அம்மோனியமும் வெளிவந்து மண் தானே நச்சாகிவிடும்.

பஞ்சகவ்யம், யூரியா எல்லாம் ஊத்துனோம். ரெண்டு வாரத்துல சோதிச்சா வெதை ஒண்ணுகூட மொளைக்கல. எண்ணெய் இன்னும் இருக்கா?

எண்ணெயாக இல்லாமலும் இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு டன் மண்ணில் 10 கிலோ டீசல் என்றால் கார்பன் சுமார் 8.5 கிலோ. கார்பன், தழைச்சத்து, மணிச்சத்து 100க்கு 10க்கு 1 என்ற வழக்கமான விகிதப்படி 0.85 கிலோ தழைச்சத்து, அதாவது 1.85 கிலோ யூரியா. ஒரே நாளில் கொட்டினால் அம்மோனியா ஏறி விதையும் சாகும், பாக்டீரியாவும் தள்ளாடும். நான்கு தவணையாகப் பிரித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். மக்காத பச்சைச் சாணியும் இதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்க, எண்ணெய் படாத மண்ணில் அதே அளவு யூரியாவும் பஞ்சகவ்யமும் ஊற்றிய ஒரு பாத்தி வையுங்கள். அதிலும் விதை முளைக்காவிட்டால் குற்றவாளி உரம். இதற்கு நேர்மாறும் உண்டு: பின்னாளில் மிஞ்சிய சத்தால் செடி கொழுத்து வளர்ந்து நச்சை மறைத்துவிடும். இரண்டுக்கும் இந்த ஒரே பாத்திதான் சாட்சி. பஞ்சகவ்யத்தால் தனிப்பட்ட தீங்கில்லை, ஆனால் அதில் உள்ள எளிய சர்க்கரையைப் பாக்டீரியா முதலில் தின்னும், எண்ணெய்க்கு அப்புறம்தான் வரும்.

கடையில விக்கிற பாக்டீரியா பவுடர் வாங்கலாமா?

விற்பவரிடம் மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது பாத்திகளின் ஒப்பீட்டைக் கேளுங்கள். இல்லை என்றால், வாங்கிய பவுடரில் பாதியை ஆட்டோகிளேவில் கொன்று ஒரு பாத்திக்கும், உயிருள்ள பாதியை மற்றொன்றுக்கும் போட்டுப் பாருங்கள். செத்த பவுடரும் அதே பலன் தந்தால் வேலை செய்தது அதிலிருந்த சத்து. பல பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) ஏற்றி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய சூடோமோனஸுக்கு 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை உரிமையை ஒப்புக்கொண்டது. அத்தனை புகழ் பெற்ற உயிர்கூட எண்ணெய்க் கசிவுகளில் களமிறக்கப்படவில்லை.

எத்தனை நாளைக்கு ஒருக்கா சோதிக்கணும்?

0, 15, 30, 60, 90, 120ஆம் நாள். முதல் மாதத்தில் நெருக்கமாக எடுப்பது முன்பு சொன்ன இடைநிலை ஏற்றத்தைப் பிடிக்கத்தான். ஒவ்வொரு முறையும் பாத்தியில் ஐந்து இடம், 0-15, 15-30 செ.மீ. என இரண்டு ஆழம், தனித்தனியாகக் கலந்து அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில், ஐஸ் பெட்டியில். 0ஆம் நாள் மாதிரி இல்லாமல் வந்து '90 நாள் ஆச்சு, சரியாயிருச்சா' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை.

பக்கத்துல ஊருணி இருக்கு. தண்ணிக்கு வேற சோதனையா?

ஆம். டாப்னியா என்ற நீர்ப்பூச்சி போன்ற சிறு நன்னீர் உயிரை வைத்துச் செய்யும் சோதனை: பிறந்து 24 மணி நேரத்துக்குள் உள்ள குஞ்சுகள், ஒவ்வொரு அடர்த்திக்கும் 20, ஐந்தைந்தாக நான்கு குவளையில், 48 மணி நேரம். அசையாமல் போனவற்றை எண்ணுங்கள். இனத்தின் உடல்நிலை சரியா என்று பொட்டாசியம் டைகுரோமேட் வைத்துப் பார்ப்பது முறை. டாப்னியா மேக்னா என்றால் 24 மணி நேரத்தில் பாதி முடங்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மி.கி.க்குள் வர வேண்டும். ஒளிரும் பாக்டீரியா சோதனை (நச்சு இருந்தால் அதன் ஒளி மங்கும்) 30 நிமிடத்தில் முடியும், ஆனால் கருவி வேண்டும். செம்மண் கலங்கல் ஒளியை மறைத்து நச்சு போலக் காட்டும், எனவே நிறத் திருத்தம் கட்டாயம். குடிக்கிற ஊருணி என்றால் இவை எதுவும் போதாது. குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, பி.ஏ.எச். லிட்டருக்கு 0.0001 மி.கி.க்கு மேல் கூடாது என்கிறது. அதை வேதி முறையில் அளந்தே ஆகவேண்டும்.

அப்ப இனிமே கழிவு ஆயிலை ஓரமா ஊத்தி பாக்டீரியா விட்டுக்கிறலாமா?

கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். இங்கே சொன்னதெல்லாம் ஏற்கெனவே கொட்டியதைப் பற்றியது.

எங்களுக்கு டி.பி.எச். கொறையல, ஆனா புழுச் சோதனை நல்லா வந்துருக்கு. எதை நம்புறது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆய்வகக் கரைப்பான் மண்துகளின் உள்ளே ஒளிந்ததையும் பிடுங்கி எடுக்கும். புழுவும் வேரும் தம் கைக்கு எட்டியதை மட்டுமே உணரும். நாட்பட்ட எண்ணெய் மக்கிலும் களிமண்ணிலும் பதுங்கிவிடும்போது அளவு அப்படியே இருக்க, நச்சு மட்டும் குறையும். இதை 'சிதைந்தது' என்று எழுதக்கூடாது, 'பிடிபட்டிருக்கிறது' என்பதே சரி. மக்கு சிதையும்போதோ கட்டடம் கட்டத் தோண்டும்போதோ வெளிவரலாம். அந்த இடத்தில் வீடு வருமா, வெறும் பார்க்கிங்கா என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

எல்லாம் சரியாச் செஞ்சும் நச்சு அப்படியே நிக்குது. பழைய ஒர்க்‌ஷாப் மண்ணு. என்னதான் கோளாறு?

உலோகத்தைப் பாருங்கள். என்ஜின் ஆயிலில் தேய்மானம் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் கலக்கிறார்கள். ஓடி முடித்த ஆயிலில் பேரிங் செம்பு, பழைய பெட்ரோல் காலத்து ஈயம் எல்லாம் சேரும். பாக்டீரியா எதைத் தின்றாலும் உலோகத்தைத் தின்னாது. சோதிக்க, மண்சாற்றை இரண்டாகப் பிரித்து ஒன்றில் உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்து டாப்னியா விடுங்கள்; ஈ.டி.டி.ஏ.யை மட்டும் நல்ல நீரில் சேர்த்த ஒரு குவளையும் இருக்கட்டும். சேர்த்ததில் பிழைத்துச் சேர்க்காததில் செத்தால் நச்சு உலோகத்தினுடையது. மற்றொரு பங்கைத் தூள் கரியில் வடித்துப் பாருங்கள். அதில் பிழைத்தால் பெரும்பாலும் எண்ணெய் வகைதான், இன்னும் காலம் கொடுக்கலாம். உலோகம்தான் என்று தெரிந்துவிட்டால் மேலும் பாக்டீரியா வாங்குவது வீண்செலவு. மேல் 30 செ.மீ. மண்ணைத் தனியாகக் குவித்து மழை படாமல் மூடி வைத்துவிட்டு, அப்புறப்படுத்தும் வழியைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.